உணவும் ஊட்டச்சத்தும் பட்டப்படிப்பு: உள்ளே என்ன இருக்கிறது, எங்கே சறுக்கும்?

கேள்வி இதுதான்: பள்ளிப்படிப்பு முடியப்போகிறது, உயிரியல் பிடிக்கும், வேதியியலும் கணக்கும் சுமார்தான், உணவிலும் உடல்நலத்திலும் ஆர்வம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் உணவும் ஊட்டச்சத்தும் எடுக்கலாமா, உள்ளே என்னதான் சொல்லித்தருவார்கள்?

தாராளமாக எடுக்கலாம். ஆனால் வேதியியலையும் கணக்கையும் ஓரங்கட்டிவிட்டு இந்தப் படிப்பை முடிக்க முடியாது. முதலாண்டில் திணறுகிறவர்களில் பெரும்பாலோர் சமையல் குறிப்பும் உடல் இளைக்க ஆலோசனையும் எதிர்பார்த்து வந்தவர்கள். படிப்பு முழுக்கச் சுற்றிவருவது நான்கு கேள்விகளை: உணவில் எவ்வளவு இருக்கிறது, ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார், அதில் எவ்வளவு உடலில் சேர்ந்தது, அவருக்கு எவ்வளவு தேவை. நான்கிலும் வருவது ‘எவ்வளவு’. அளக்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறை திறந்துகொடுக்கும்.

சேருவதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று வேறு படிப்புகள் இருக்கின்றன. உணவு அறிவியல், உணவுத் தொழில்நுட்பம் என்பவை உணவைப் பதப்படுத்துவது, கெடாமல் வைப்பது, தரம் பார்ப்பது பற்றியவை. வேலை பெரும்பாலும் ஆலையிலும் ஆய்வகத்திலும். ஊட்டச்சத்தியல் என்பது உணவு உடலுக்குள் போனபின் நடப்பதையும், ஒரு மக்கள்தொகையின் உணவுநிலையையும் பார்ப்பது. டயட்டெடிக்ஸ் என்பது நோயாளிக்கு உணவுச் சிகிச்சை. பல நாடுகளில் ‘டயட்டீஷியன்’ என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு இல்லாமல் அப்படி அழைத்துக்கொள்ள முடியாது. உலக அளவிலான டயட்டெட்டிக் சங்கங்களின் கூட்டமைப்பு, இளநிலைப் பட்டத்துடன் குறைந்தது 500 மணிநேர மேற்பார்வைப் பயிற்சியை அடிப்படை அளவாக வைத்திருக்கிறது. சில நாடுகளில் இன்னும் கூடுதல்: அமெரிக்காவில் 2024 முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆகவே மருத்துவமனை வேலை உங்கள் குறி என்றால், நீங்கள் சேரும் பட்டம் பதிவுக்குத் தகுதி தருமா என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டால் கைகொடுக்க யாராலும் முடியாது.

முதலாண்டில் பொது வேதியியல், கரிம வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல். அடுத்து உயிர்வேதியியல். இங்குதான் பலர் மனப்பாடத்தில் இறங்கி மூழ்குகிறார்கள். குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் வரிசையாக ஒப்பிக்கலாம், தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும் விடலாம். ஒவ்வொரு பாதையிலும் ‘இந்த இடத்தில் எந்த வைட்டமின் நிற்கிறது, அது இல்லாவிட்டால் எது தேங்கும்’ என்று கேட்டுப் படியுங்கள். தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் நொதிக்கு அது துணைநொதி. தயமின் இல்லையென்றால் பைருவேட் முன்னே போகாமல் லாக்டேட்டாகத் திரும்புகிறது. ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. குளுக்கோஸையே நம்பி வாழும் மூளையும் ஓய்வில்லாமல் துடிக்கும் இதயமும் முதலில் அடிவாங்குகின்றன. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயில் நரம்பும் இதயமும் பாதிக்கப்படுவது ஏன் என்பது இப்போது தானே விளங்கிவிடும்.

ஃபோலேட், பி12 என்ற இரண்டு வைட்டமின்களையும் இதே மாதிரி சேர்த்தே படியுங்கள். பி12 இல்லாதபோது ஃபோலேட் செல்லுக்குப் பயன்படாத மெத்தில் வடிவத்திலேயே மாட்டிக்கொள்கிறது. டிஎன்ஏ ஆக்கம் தடைப்பட்டுப் பெரிய, முதிராத சிவப்பணுக்கள் உருவாகின்றன. வெளியிலிருந்து ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். ஆனால் பி12 குறைவால் நரம்புக்கு வரும் சேதம் நிற்காது. ஒரு சத்தின் குறையை இன்னொன்று மறைப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. தேர்விலும் வரும், வார்டிலும் வரும்.

இனி ஆய்வகம். உணவுப் பகுப்பாய்வு என்ற தாள்தான் கையைப் பழக்குவது. ஈரப்பதம் எளிது என்று அசட்டையாக இருப்பார்கள்: 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்த வேண்டும். சூடான கிண்ணத்தை அப்படியே தராசில் வைத்தால் அதைச் சுற்றிக் காற்று மேலெழும்பி எடை குறைவாகக் காட்டும். ஈரம் புகாத மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் ஆறவைக்காமல் மேசைமேல் ஆறவைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடும். சர்க்கரை மிகுந்த மாதிரியை 105 டிகிரியில் வைத்தால் சர்க்கரையே சிதைந்து, அந்த இழப்பும் ஈரமாகக் கணக்கில் ஏறிவிடும். அதற்கு வெற்றிட அடுப்பில் 70 டிகிரி. சாம்பலுக்கு மஃபிள் உலையில் 550 டிகிரி. உள்ளே கறுப்புத் துகள் தெரிந்தால் கரி இன்னும் எரியவில்லை என்று பொருள், மறுபடி வைக்க வேண்டும்.

புரதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். யோஹான் கெல்டால் 1883-ல் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் உருவாக்கிய முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒரு கிராம் அளவு மாதிரியை அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தில் போட்டு, கொதிநிலையை உயர்த்தப் பொட்டாசியம் சல்ஃபேட்டும் வினையூக்கியாகக் காப்பர் சல்ஃபேட்டும் சேர்த்துச் சூடாக்குகிறோம். கரிம நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் சல்ஃபேட்டாகிறது. பிறகு ஆறவைத்து, நீர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு மிகுதியாகச் சேர்த்து, வெளிவரும் அம்மோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடித்து, தெரிந்த செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் செய்கிறோம்.

தவறு நடக்கும் இடங்கள் எப்போதும் இவையே. கரைசல் தெளிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள்; தெளிந்தபிறகும் சில நைட்ரஜன் கட்டுகள் உடையாமல் இருக்கும், குறைந்தது அரைமணி நேரமாவது தொடர வேண்டும். குடுவையின் கழுத்தில் ஒட்டிய துகள்கள் அமிலத்தைச் சந்திக்காமலே போகும். இடையிடையே ஆறவைத்துச் சுழற்றிக் கழுவி இறக்க வேண்டும். காரம் போதாமல் போனால் அம்மோனியா வெளியேறவே செய்யாது. கரைசல் அடர்நீலமாகவோ கருப்பாகவோ மாறினால்தான் காரம் மிகுதியாக இருக்கிறது. இந்த நிறத்தைக் காட்டித்தருவது உள்ளே இருக்கும் காப்பர்தான். குளிர்விப்பானின் நுனி போரிக் அமிலத்துக்குள் மூழ்கியிருக்காவிட்டால் முதல் அம்மோனியா காற்றோடு போய்விடும். மாதிரி இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் போட்டுச் செய்யும் பிளாங்க்கை மறப்பதும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். 1.000 கிராம் கோதுமை மாவு, 0.1 நார்மல் அமிலம், பியூரெட் அளவு 12.4 மி.லி., பிளாங்க் 0.2 மி.லி. கழித்தால் 12.2. அதை 0.1-ஆலும் 14.007-ஆலும் பெருக்கினால் 17.09 மில்லிகிராம் நைட்ரஜன், அதாவது 1.71 சதவீதம். புரதத்தில் பொதுவாக 16 சதவீதம் நைட்ரஜன் என்று கொண்டு 6.25-ஆல் பெருக்கினால் 10.7 சதவீதம் புரதம். ஆனால் கோதுமை மாவுக்கு உரிய காரணி 5.7. அப்படியானால் 9.7. ஒரே டைட்ரேஷன், ஒரே கை. காரணி மாறியதும் விடையில் ஒரு சதவீதப் புள்ளி போய்விட்டது. பாலுக்கு 6.38. எந்தக் காரணியைப் போட்டீர்கள் என்று எழுதாத அறிக்கையை நல்ல ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்த முறை அளப்பது நைட்ரஜனை. புரதத்தை நாம் ஊகிக்கிறோம். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்த கொடுமைக்கு வழிவிட்டது இந்த இடைவெளிதான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு நானூறுக்கும் மேல் ‘புரதம்’ காட்டும். தண்ணீர் கலந்த பாலைப் புரதச் சோதனையில் தேறவைக்க அதுவே போதுமாயிற்று. குழந்தைகளின் சிறுநீரகங்களில் கல் படிந்தது. ஒரு கருவி என்ன அளக்கிறது, என்ன அளக்கவில்லை என்பதை அறியாதவர் கையில் அது ஆபத்தாகிவிடும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நேரடியான பாடம் இல்லை.

கொழுப்புக்குச் சாக்ஸ்லெட், அதாவது கரைப்பானால் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் கருவி: மாதிரி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் கரைப்பான் உள்ளே புகாது, பெட்ரோலியம் ஈதர் பக்கத்தில் தீச்சுடர் கூடவே கூடாது. மாவுச்சத்தைப் பல ஆய்வகங்களில் நேரடியாக அளப்பதில்லை. நூறிலிருந்து ஈரம், சாம்பல், புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்து மீதியை மாவுச்சத்து என்று எழுதிவிடுவார்கள். மற்ற நான்கில் நடந்த பிழைகள் எல்லாம் அந்த ஒரு எண்ணில் வந்து குடியேறும். நார்ச்சத்தும் அதற்குள்ளேயே கலந்திருக்கும்.

புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஒரு கிராம் தரும் ஆற்றலுக்கு முறையே 4, 9, 4 கி.கலோரி என்று பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. குண்டு கலோரிமானியில் புரதத்தை எரித்தால் கிராமுக்குச் சுமார் 5.65 கி.கலோரி. உடல் நைட்ரஜனை எரிப்பதில்லை. யூரியாவாக வெளியே தள்ளுகிறது, அதில் 1.25 போய்விடுகிறது. மீதியிலும் முழுவதும் உறிஞ்சப்படுவதில்லை. முடிவில் 4. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வாட்டர் செய்த வேலை இது. சராசரிக் காரணிகள் என்பதால், நார்ச்சத்து மிகுந்த உணவில் அவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அடுத்தது உணவுச்சத்து அட்டவணை. இங்கே நடக்கும் பிழைகள் சின்னவை, விளைவு பெரியது. சமைக்காத தானியம் 100 கிராமுக்குச் சுமார் 350 கி.கலோரி, வெந்தபின் தண்ணீர் குடித்து 100 கிராமுக்குச் சுமார் 130 ஆகிவிடும். ஒருவர் வெந்ததில் 300 கிராம் சாப்பிட்டதாகச் சொல்கிறார். சரியான வரியில் எடுத்தால் 390. வேகாத வரியில் எடுத்தால் 1,050. இன்னொன்று, அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ‘அளக்கப்படவில்லை’ என்று பொருள். கணினி அதைச் சுழியமாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் செலினியம் போதவில்லை என்று முடிவு வரும். வைட்டமின் ஏ-க்கு அலகு பார்க்காமல் கூட்டுவதும் வழக்கமான சறுக்கல்: உணவிலுள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் உடலுக்கு நேரே பயன்படும் வைட்டமின் ஏ வடிவமான ரெட்டினால் ஒரு மைக்ரோகிராமுக்குச் சமம்.

ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டறிவது தனிக் கலை. 24 மணிநேர நினைவுகூர்தலை ஐந்து சுற்றாக நடத்துவது நல்ல வழக்கம். முதலில் குறுக்கே பேசாமல் அவர் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லவிட வேண்டும். பிறகு பொதுவாக மறந்துபோகும் பானம், நொறுக்குத்தீனி, இனிப்பு பற்றிக் கேட்க வேண்டும். அப்புறம் நேரமும் சந்தர்ப்பமும். அதன்பின் அளவும் சமைத்த விதமும். கடைசியாக ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு முறை. ‘காலையில் பால் குடித்தீர்களா?’ என்று கேட்டால் குடிக்காதவரும் ஆமாம் என்பார். ‘எழுந்ததும் முதலில் என்ன சாப்பிட்டீர்கள் அல்லது குடித்தீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வரும். முகத்தில் வியப்போ கண்டிப்போ தெரிந்துவிட்டால் அடுத்த பதிலில் அளவு சுருங்கிவிடும்.

எவ்வளவு நயமாகக் கேட்டாலும் மக்கள் குறைத்தே சொல்கிறார்கள். இதை அம்பலமாக்கியது இரட்டைக் குறியிட்ட நீர் முறை. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18ம் கலந்த நீரைக் குடிக்கச் சொல்வார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு உற்பத்தியையும் அதிலிருந்து செலவான ஆற்றலையும் கணக்கிடலாம். எடை மாறாதவர் செலவழித்த அளவைத்தானே சாப்பிட்டிருக்க வேண்டும்? சொன்ன கணக்கு அதற்குக் கீழே நின்றது; உடற்பருமன் உள்ளவர்களிடம் இடைவெளி இன்னும் பெரிது. யாரும் பொய்யர்கள் இல்லை. நினைவும் கூச்சமும் அப்படித்தான் வேலை செய்யும். அதைத் தெரிந்து திட்டமிடுவது நம் பொறுப்பு.

தேவை எவ்வளவு என்பதில் மாணவர்கள் மட்டுமல்ல, பட்டம் பெற்றவர்களும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆர்.டி.ஏ., அதாவது நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, எல்லாருடைய தேவையும் அன்று. சராசரித் தேவைக்கு மேல் இரண்டு திட்டவிலக்கம் கூட்டி, 97–98 சதவீதம் பேருக்குப் போதுமாறு வைத்த அளவு. ஒரு சத்தின் சராசரித் தேவை 50, திட்டவிலக்கம் 5 என்றால் ஆர்.டி.ஏ. 60. 55 எடுக்கும் ஒருவரைக் குறைபாடுள்ளவர் என்று எழுதிவிட முடியாது. மறுபக்கம், ஒரு குழுவின் சராசரி உட்கொள்ளல் 60 என்பதால் அந்தக் குழு நலம் என்றும் சொல்ல முடியாது: உட்கொள்ளலின் திட்டவிலக்கம் 15 என்றால் நால்வரில் ஒருவர் 50-க்குக் கீழே இருக்கிறார். குழுவுக்கு ஒப்பிட வேண்டியது சராசரித் தேவையோடு. அதுவும் ஒரே நாள் தரவை வைத்துச் செய்தால் பரவல் ஊதிப்போய்க் குறைபாடு மிகையாகத் தெரியும்; ஒரு பகுதியினரிடமாவது இரண்டாம் நாளும் கேட்டுத் திருத்த வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்களின் இரும்புத் தேவை ஒரு பக்கமாகச் சாய்ந்த பரவல் என்பதால் இந்த எளிய முறை அங்கே பொருந்தாது.

உடல் அளவீடு எளிதாகத் தோன்றும், எளிதன்று. உயரம் அளக்கும்போது செருப்பில்லாமல், குதிகால் சேர்த்து, கண்ணின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். 70 கிலோ உள்ளவரின் உயரம் 1.70 மீட்டர் என்றால் பி.எம்.ஐ. 24.2, கூனி நின்று 1.67 என்று பதிந்தால் 25.1. மூன்று சென்டிமீட்டரில் ஆள் ‘மிகை எடை’ பட்டியலுக்குப் போய்விட்டார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்தால் உலக சுகாதார நிறுவன அட்டவணைக்கு 0.7 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டக்குறை. அங்கே சில மில்லிமீட்டர்தான் ஒரு குழந்தைக்குச் சிகிச்சை கிடைப்பதைத் தீர்மானிக்கிறது. நாடாவை இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது.

நுண்ணுயிரியலில் நினைவில் நிற்க வேண்டியது வெப்பநிலையும் நேரமும் சேர்ந்த கணக்கு. சுவை, மணம் போன்றவற்றை மனிதர்களை வைத்து அளக்கும் புலனறி மதிப்பீட்டில் மூன்றில் வேறானதைக் கண்டுபிடிக்கும் சோதனையை அடிக்கடி செய்வீர்கள்: குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார், அதனால் 24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் 5 சதவீத அளவில் வித்தியாசம் உண்டு என்று ஏற்கலாம். குவளைகளுக்கு அ, ஆ என்று பெயர் வைத்தால் முதலெழுத்தின் பக்கம் மனம் சாயும். மூன்றிலக்கச் சீரற்ற எண்களே வழக்கம்.

மருத்துவ ஊட்டச்சத்து வரும்போது சூத்திரத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். மிஃப்லின் சமன்பாட்டில் 60 கிலோ, 160 செ.மீ., 30 வயதுப் பெண்ணுக்கு ஓய்வுநிலை ஆற்றல்: 600 கூட்டல் 1,000 கழித்தல் 150 கழித்தல் 161, ஆக 1,289 கி.கலோரி. கணக்கு சரி. ஆனால் பல நாள் உணவில்லாமல் மெலிந்து வந்த நோயாளிக்கு இந்த எண்ணை அப்படியே எழுதி உணவேற்றினால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று குளுக்கோஸ் வந்ததும் இன்சுலின் ஏறி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஓடிவிடும். மிச்சமிருக்கும் தயமினும் செலவாகிவிடும். இதயத் துடிப்பு தடுமாறும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல், ஆபத்து மிகுந்தவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 10 கி.கலோரிக்கு மேல் தொடங்காமல், நான்கு முதல் ஏழு நாளில் மெல்ல உயர்த்தச் சொல்கிறது. உணவுக்கு முன்பே தயமின். முதலாண்டில் பைருவேட்டோடு தயமினைப் புரிந்து படித்தவருக்கு இந்தப் பக்கம் சட்டென்று ஏறும்.

புள்ளியியலைக் கடமைக்குப் படிக்காதீர்கள். பீட்டா கரோட்டின் நிறைந்த உணவு உண்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று பல கூர்நோக்கு ஆய்வுகள், அதாவது எதையும் கொடுக்காமல் கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வுகள், காட்டின. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்போரிடம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வெளியான முடிவில், மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. காயும் பழமும் அதிகம் உண்பவர் வேறு பலவற்றிலும் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறார். உணவில் உள்ள ஒரு மூலக்கூறைத் தனியே பெரிய அளவில் கொடுப்பது அந்த உணவைக் கொடுப்பதாகாது. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்ததும் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், உட்கொள்ளலை எப்படி அளந்தார்கள், ஆபத்து முழு அளவில் எவ்வளவு மாறியது என்ற மூன்றையும் தேடும் பழக்கம் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிட வேண்டும்.

இப்போதிருந்து என்ன செய்யலாம்? மோல் கணக்கு, நார்மாலிட்டி, நீர்த்தல், அலகு மாற்றம் ஆகியவற்றைக் கை தயங்காத அளவுக்குப் போட்டுப் பழகுங்கள். விரிதாளில் தேடல் சூத்திரமும் சராசரி, திட்டவிலக்கமும் போடத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சமையலறைத் தராசு வாங்கி, மூன்று நாள் நீங்கள் சாப்பிடுவதையெல்லாம் எடை போட்டு எழுதி, உங்கள் நாட்டு உணவுச்சத்து அட்டவணையை வைத்து ஆற்றலும் புரதமும் இரும்பும் கணக்கிடுங்கள். வேகாததா வெந்ததா, உரித்ததா உரிக்காததா, எண்ணெய் எவ்வளவு சட்டியிலேயே தங்கியது என்று ஒவ்வொரு வரியிலும் கேள்வி முளைக்கும். அந்தக் கேள்விகளைக் குறித்துவையுங்கள்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டியவை: ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள், கெல்டால் கருவியை நீங்களே இயக்குவீர்களா அல்லது வேடிக்கை பார்ப்பீர்களா, மருத்துவமனைப் பயிற்சி யார் மேற்பார்வையில் எத்தனை மணிநேரம், இறுதியாண்டு ஆய்வில் தரவை நீங்களே திரட்டுவீர்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தரும் துறையாகப் பார்த்துச் சேருங்கள்; மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் சமாளிக்கலாம்.